பழைய உளி, இழைப்புளி, ரம்பத்தில் துரு எடுப்பது எப்படி?

பூட்டிக் கிடந்த வீட்டின் இரண்டாம் கட்டைத் திறந்தால், பரணிலிருந்து பெரும்பாலும் ஒரு சாக்கு மூட்டை இறங்கும். உள்ளே கைப்பிடி உளுத்துப்போன உளிகள், மரம் செதுக்கும் வாய்ச்சி ஒன்று, இழைப்புளி அலகுகள், பல் தேய்ந்த ரம்பம். எல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடினாலும் இப்படிப்பட்ட கருவிகள் கைக்கு வரும். பர்மாத் தேக்கில் நிலையும் கதவும் செதுக்கிய காலத்து எஃகு அது. நன்றாகத் தீட்டினால் இன்றும் மரத்தை வெண்ணெய் போல வெட்டும்.

இவற்றில் பல, துருவால் கெடுவதைவிட அவசரமாகத் துரு எடுப்பதால்தான் கெடுகின்றன. கிரைண்டர் வைத்து நீலம் பாரிக்கவிடுகிறார்கள், கழிப்பறை ஆசிட்டில் முக்குகிறார்கள், அடுப்பில் போட்டுச் சுடுகிறார்கள். துரு போய்விடும், கருவியும் கூடவே போய்விடும். நமக்கு வேண்டியது சிவப்புத் துரு போவதுதான். அதற்கடியில் சில இடங்களில் கெட்டியான கருப்புப் படலம் இருக்கும். அதுவும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் சிவப்புத் துருவைப் போல உதிர்ந்து உள்ளே அரிக்காது. வெட்டும் பரப்பில் இல்லாதவரை அதை அப்படியே விட்டுவிடலாம். பளபளப்பு நம் குறிக்கோள் இல்லை.

எதைத் தேற்றலாம், எதை விடலாம்

வேலையைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் கருவியைப் பாருங்கள். உளியின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதாவது சரிவு இல்லாத தட்டையான முகம். வெட்டும் முனை என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. பின்பக்கத்தில் முனைக்கு அருகே ஆழமான குழி இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் முனையில் அந்த இடத்தில் பல் விழும். குழி முனையிலிருந்து தள்ளி, மேலே இருந்தால் கவலை வேண்டாம்.

உளியை நூலில் தொங்கவிட்டு ஒரு ஆணியால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம், உருப்பெருக்கிக் கண்ணாடியில் தேடிப் பாருங்கள். அடுத்து, நல்ல அரம் ஒன்றை எடுத்து முனைக்குப் பக்கத்தில் மெல்லத் தேயுங்கள். அரம் வழுக்கினால், அல்லது மிகச் சிரமப்பட்டுக் கடித்தால், எஃகின் கடினம் அப்படியே இருக்கிறது. சாதாரணக் கம்பியை அராவுவது போல எளிதாகக் கடித்தால், யாரோ எப்போதோ அதைச் சூட்டில் கெடுத்திருக்கிறார்கள். துரு எடுத்தாலும் அது முனை தாங்காது. கொல்லர் மறுபடி காய்ச்சித் தோய்த்தால்தான் உண்டு. அந்தக் காலத்துக் கொல்லர்கள் பல உளிகளில் மென்இரும்பு உடலில் எஃகை ஒட்டிக் காய்ச்சிச் செய்தார்கள். ஆகவே முனைப் பகுதியில் மட்டும் சோதியுங்கள்.

அரிதான முத்திரை, செய்தவர் குறி ஏதாவது இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. முத்திரைதான் அந்தக் கருவியின் பிறப்புச் சான்று.

கை, கண், மூச்சு

துரு தானாக யாருக்கும் ஜன்னி (டெட்டனஸ்) வரவழைப்பதில்லை. ஆனால் மண்ணும் சாணமும் பட்டுக் கிடந்த கருவியில் அந்தக் கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்பு உண்டு. டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆழமாகக் கிழித்துக்கொண்டால் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே சரி.

உளி மழுங்கியதாகத் தெரிந்தாலும் அதன் ஓரங்கள் கையைக் கிழிக்கும். முனையில் ஒரு துண்டு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டு வேலை செய்யுங்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். பழைய கருவியில் பெயின்ட் பூச்சு இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்காமல், ஈரமாக வைத்துச் சுரண்டி, துணியோடு சேர்த்துக் குப்பையில் போடுங்கள். குழந்தைகள் விளையாடும் வளவில் (உள்முற்றத்தில்) இந்த வேலை வேண்டாம்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி இன்னொன்று. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அமில வாளியை வைக்கவே கூடாது. அது சிமென்ட்டில் வார்த்த கல். எலுமிச்சை உப்புக் கரைசல் நாலு சொட்டு விழுந்தால் போதும், அந்த இடம் மங்கிப்போகும், கூடவே துருக்கறையும் ஊறிவிடும். இத்தாலிய மார்பிளுக்கும், சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் இதே கதிதான். கொல்லைப்புறத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் வாளியை வைத்துச் செய்யுங்கள்.

பிரிப்பது, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது

மரம், பித்தளை, தோல் எதுவும் கரைசலுக்குள் போகக் கூடாது. உளியின் கைப்பிடி நன்றாக இருந்தால் அலகைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, கைப்பிடியை மெதுவாகத் திருகித் திருகி இழுங்கள். வராவிட்டால் பூணுக்கு (கைப்பிடியின் உலோக வளையத்துக்கு) அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து வெளிப்பக்கமாகத் தட்டலாம். அதற்கும் வராத கைப்பிடியை உடைக்க வேண்டாம். அலகை மட்டும் கரைசலில் தலைகீழாகத் தொங்கவிட ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறோம். மர இழைப்புளியில் ஆப்பைத் தட்டி அலகை எடுத்துவிட்டால் கட்டைக்குத் தண்ணீர் படாது. இரும்பு இழைப்புளியில் திருகுகளை எல்லாம் கழற்றி, எது எங்கிருந்தது என்று முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறுகிப்போன திருகைப் பலவந்தம் செய்தால் தலை சிதையும். தையல் மிஷின் எண்ணெயோ, துரு தளர்த்தும் ஸ்பிரேயோ விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் திருப்புளியைத் திருகின் பள்ளத்தில் நிமிர்த்தி வைத்து, சுத்தியலால் தலையில் இரண்டு தட்டு, பிறகு திருப்புங்கள். திருப்புளியின் முனை பள்ளத்தின் முழு அகலத்தையும் நிரப்ப வேண்டும். பழைய திருகுகளின் பள்ளம் குறுகலாக இருக்கும், இன்று கடையில் வாங்கும் திருப்புளி பல சமயம் நுழையாது. முனையை அராவிச் சரிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு எண்ணெய்ப் பிசுக்கு. இதைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய கிரீஸ் படிந்த இடத்தில் எந்தக் கரைசலும் இறங்காது. முடிவில் கருவி புள்ளி புள்ளியாக இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம், வெந்நீர், பழைய பல்துலக்கி இவை போதும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் படலமாகப் பரவினால் பிசுக்கு போய்விட்டது என்று பொருள்.

மேலோட்டமான துருவுக்குக் கையே போதும்

நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்குத் துரு இருந்தால் ஊறவைக்கவே வேண்டாம். கண்ணாடி சுரண்டும் பிளேடைக் கைப்பிடியில் மாட்டி, கருவியின் மேல் ஏறக்குறைய படுக்கையாகப் பிடித்துச் சீவுங்கள். துரு செதில் செதிலாக எழும்பி வரும். பிறகு மெல்லிய ஸ்டீல் வுல்லில் மிஷின் எண்ணெய் நனைத்துத் தேயுங்கள். தட்டையான பரப்புக்கு 320 அல்லது 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும்.

சுழலும் கம்பி பிரஷை டிரில்லில் மாட்டித் தேய்ப்பது விரைவான வழி. ஆனால் அதன் கம்பிகள் ஒடிந்து ஊசிபோலப் பறக்கும். கண்ணாடி போடாமல் அதைத் தொட வேண்டாம். முனையை அது உருட்டியும் விடும். வாய்ச்சியின் காது, சுத்தியல் தலை போன்ற முரட்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை உப்புத் தொட்டி

கனமான துருவுக்குப் புதியவர்கள் முதலில் கற்க வேண்டிய முறை இதுதான். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றும், ரசாயனக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றும் கேட்டால் ஒரே பொருள்தான் கிடைக்கும். புளியும் எலுமிச்சையும் பித்தளைச் செம்பைத் துலக்குவதும் இதே வேதியியலால்தான்: அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது, அந்தக் கரைசலில் உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எளிய அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு. இது துருவைக் கரைக்கும். ஆனால் துரு தீர்ந்த இடத்தில் எஃகையும் மெல்ல அரிக்கும். அரிப்பு குறைந்த கலவை ஒன்றும் உண்டு. 1 லிட்டர் தண்ணீர், 100 கிராம் எலுமிச்சை உப்பு, 40 கிராம் சலவை சோடா, 20 கிராம் பாத்திரம் கழுவும் திரவம். முதலில் எலுமிச்சை உப்பைக் கரையுங்கள். பிறகு சலவை சோடாவை ஸ்பூன் ஸ்பூனாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி வாளியை விட்டு வழியும். நுரை அடங்கிய பிறகு திரவத்தை ஊற்றிக் கிளறுங்கள். சோடா அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கிறது. திரவம் துருவின் நுண்துளைகளுக்குள் கரைசல் இறங்க உதவுகிறது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சலவை சோடா இரண்டு வடிவில் விற்கிறது. 40 கிராம் என்பது மாவு போன்ற நீரற்ற சோடாவுக்கான அளவு. கற்கண்டு போல ஒளி ஊடுருவும் படிகமாக இருந்தால் அதில் தண்ணீர்தான் பாதிக்கு மேல். ஏறக்குறைய 108 கிராம் போட வேண்டும். ஆப்ப சோடா வேறு பொருள், அதை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியம், பித்தளை, துத்தநாகம் பூசிய வாளி கூடாது. ஒன்றிரண்டு உளிகளுக்கு வாளி நிறைய கரைசல் வீண். 2 அங்குல பி.வி.சி குழாயை 30 சென்டிமீட்டர் நறுக்கி, ஒரு முனையில் மூடி ஒட்டி நிமிர்த்தி வைத்தால் அரை லிட்டருக்குச் சற்று மேல் கரைசலே போதும். கைப்பிடி கழறாத உளியைத் தலைகீழாகத் தொங்கவிடவும் இதுவே வசதி. ஆனால் பாதி மூழ்கிய கருவியில், கரைசலின் மேல்மட்டத்தில் ஒரு கோடு அரித்துக்கொண்டு போகும். காற்றும் அமிலமும் சேரும் இடம் அது. அதனால் முக்கால் மணிக்கு ஒருமுறை கருவியைச் சற்று ஏற்றி இறக்குங்கள்.

நேரம் விஷயத்தில் நம் ஊர் வேறு. குளிர்ப்பிரதேசத்துச் செய்முறைகளில் ஒரு ராத்திரி ஊறவிடச் சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் இங்கே தண்ணீரே இளஞ்சூடாக இருக்கும், கரைசல் மிக வேகமாக வேலை செய்யும். மணிக்கு ஒருமுறை எடுத்துப் பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். லேசான துரு இரண்டு மணி நேரத்தில் போகும். கனமான துருவுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். எளிய கலவையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் கருவி சாம்பல் நிறத்தில், உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக நிற்கும். அந்தச் சொரசொரப்பு மீளாது.

எடுத்தவுடன் மேலே கரிபோல ஒரு கருப்புப் பொடி படிந்திருக்கும். எஃகில் உள்ள கரியும் கரையாத சில பொருள்களும் அது. ஸ்டீல் வுல்லால் எளிதில் போய்விடும். மஞ்சளோ பச்சையோ கறை இருந்தால், அதிக நேரம் ஊறிவிட்டது அல்லது கழுவாமல் காயவிட்டீர்கள் என்று பொருள்.

வினிகரிலும் செய்யலாம். ஆனால் கடையில் கிடைப்பது 4, 5 சதவீதம்தான். செலவு கூடும், வாசனையும் அடங்காது. எலுமிச்சை உப்பு இருக்கும்போது வினிகருக்கு அவசியம் இல்லை.

அந்தப் பத்து நிமிடம்

கரைசலிலிருந்து எடுத்த எஃகு பச்சை உடம்பு மாதிரி. மேலே எந்தக் காப்பும் இல்லை. ஈரத்தோடு வைத்தால் கண் முன்னாலேயே ஆரஞ்சு நிறம் பூக்கும். ஆகவே எடுப்பதற்கு முன்பே பக்கத்தில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்: ஒரு மக் தண்ணீர், சலவை சோடா கரைத்த இன்னொரு மக், பழைய துணி இரண்டு, எண்ணெய்.

முதலில் கழுவுங்கள். பிறகு 1 லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து ஆட்டுங்கள். மிச்சம் இருக்கும் அமிலம் அடங்கும். கடைசிக் கழுவலுக்கு உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், குளோரைடு உப்பு குழிகளில் தங்கி மறுபடி துருவை அழைக்கும். வளவில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கொதிக்கக் காய்ச்சி ஊற்றினால் இரும்பு சூடேறி தானே சட்டென்று உலரும். துடைத்து வெயிலில் பத்து நிமிடம். கை தாங்கும் சூட்டில் இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். குழிகளுக்குள் நன்றாக இறங்கும்.

எண்ணெயில் எது? தையல் மிஷின் எண்ணெய், வேறு யோசனை வேண்டாம். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் நாளடைவில் பசையாகி அழுக்கைப் பிடிக்கும். தேங்காயெண்ணெய் காயாது, அவசரத்துக்கு உதவும். ஆனால் சிக்கு வாடை எடுத்த தேங்காயெண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடியிருக்கும், அது இரும்புக்கு ஆகாது.

பயன்படுத்திய கரைசலைச் செடிக்கோ கிணற்றடிக்கோ ஊரணிக் கரைக்கோ ஊற்ற வேண்டாம். நுரை நிற்கும்வரை சோடா போட்டு அமிலத்தை அடக்கி, நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விடுங்கள்.

ரம்பம் தனி

ரம்பத்தை அமிலத்தில் ஊறவைக்காதீர்கள். மெல்லிய, கடினப்படுத்திய தகடு அது. அமிலம் வேலை செய்யும்போது எழும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். பல் தீட்டி வளைக்கும்போது பல் முறியும். அதோடு, பழைய ரம்பங்களின் தகட்டில் மெல்லியதாகப் பொறித்த வாசகம் இருக்கும். அமிலம் அதை முதலில் தின்றுவிடும்.

ரம்பத்தைப் பலகையில் தட்டையாகப் படுக்கவைத்து, பிளேடால் சுரண்டி, பிறகு 320 நம்பர் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி, மிஷின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்டு, நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்த கோடுகள் மரத்துக்குள் இழுத்துப் பிடிக்கும். வாசகம் இருக்கும் இடத்தில் கட்டை இல்லாமல் தேய்த்தால் அழிந்துவிடும். கட்டையோடு தேய்த்தால் மேடு மட்டும் வெளுத்து, பொறித்த பள்ளம் கருப்பாகவே நின்று எழுத்து தெளியும். பல் பக்கம் கை போகும்போது எப்போதும் பல்லுக்கு வெளிப்புறமாகத் தள்ளுங்கள். மண்ணெண்ணெய் என்றால் அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்திலும் கவனம் வேண்டும். அதன் அலகை முரட்டுத்தனமாகத் தேய்த்தால் 90 டிகிரி போய்விடும். எண்ணெய், ஸ்டீல் வுல், பொறுமை மட்டும். முடித்ததும் நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடுங்கள், மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி.

இரும்பு இழைப்புளியின் உடல் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் உடையும், சட்டென்று சூடாக்கினாலும் விரிசல் விடும். கரைசலில் போடலாம், ஆனால் பெயின்ட் பூச்சும் கழன்று வரக்கூடும் என்று தெரிந்தே போடுங்கள். பித்தளைத் திருகு உள்ளே மாட்டியிருந்தால் அதிலிருந்து கரைந்த செம்பு இரும்பின் மேல் சிவப்பாகப் படியும்.

மின்சாரத்தில் துரு எடுப்பது

துருவே ஒரு மின்வேதியியல் நிகழ்வுதான். ஈரம் பட்ட இரும்பின் மேல் ஒரு புள்ளி மின்னணுக்களை இழந்து கரைகிறது. பக்கத்துப் புள்ளியில் காற்றின் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. உப்பு கலந்த ஈரம் என்றால் இந்தச் சின்னஞ்சிறு மின்கலங்கள் இன்னும் சுறுசுறுப்பாகும். உலோக அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்வது, இருப்பதும் காரைக்குடியில்தான். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்டது.

வெளியிலிருந்து மின்சாரத்தை எதிர்த்திசையில் கொடுத்தால் துரு தளர்ந்து கழன்று வரும். இதில் நல்ல எஃகு கரைவதில்லை என்பது பெரிய அனுகூலம். அரிவாள்மணை, வாய்ச்சி, பெரிய பட்டை உளி போன்ற கனமான பொருள்களுக்கு உகந்தது.

20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் 80 முதல் 100 கிராம் சலவை சோடா. 12 வோல்ட் கார் பேட்டரி சார்ஜர், பழைய வகையாக இருக்க வேண்டும். புதிய தானியங்கிச் சார்ஜர்கள் எதிரில் பேட்டரி இல்லை என்று கண்டு நின்றுவிடும். கருவியில் மைனஸ் (கருப்பு) வயர், பழைய முறுக்குக் கம்பித் துண்டில் பிளஸ் (சிவப்பு) வயர். இதை மாற்றிக் கொடுத்தால் கம்பி தப்பிக்கும், உங்கள் உளி கரையும். சுவிட்ச் போடும் முன் இரண்டு முறை சரிபார்க்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். வயர் பிடிக்கும் இடத்தில் துருவைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் ஓடாது. கருவியும் கம்பியும் தொடக் கூடாது. கம்பிக்கு நேரே இருக்கும் முகம்தான் நன்றாகச் சுத்தமாகும், ஆகவே சுற்றிலும் மூன்று நான்கு கம்பிகள் வைத்து எல்லாவற்றையும் வயரால் இணைப்பது நல்லது. நான்கு முதல் எட்டு மணி நேரம் ஆகும்.

பிளஸ் பக்கத்தில் எவர்சில்வர் ஸ்பூன், கரண்டி எதையும் மாட்டாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கரையும். துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். சரியாகச் செய்தாலும் ஹைட்ரஜன் எழும், அது தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. திறந்தவெளியில் செய்யுங்கள். கிளிப்பை எடுக்கும் முன் சுவிட்சை அணையுங்கள். சார்ஜர் தண்ணீருக்குத் தள்ளி, உயரத்தில் இருக்கட்டும், இணைப்பில் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது கட்டாயம்.

இந்த முறையிலும் ஹைட்ரஜன் எஃகில் புகும். கடினமான உளியை எடுத்தவுடன் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடிக்காமல் ஒரு நாள் வெயிலில் ஓய்வு கொடுங்கள். ரம்பத்துக்கு இதுவும் வேண்டாம்.

செய்யவே கூடாதவை

கழிப்பறை ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை நிமிடங்களில் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் குழிகளில் குளோரைடைத் தங்கவைத்துவிட்டுப் போகும், வாரத்துக்குள் துரு மறுபடி வரும். மூடி திறந்திருந்தால் அதன் ஆவி அதே அறையில் தொங்கும் நல்ல கருவிகளையும் துருவேற்றும். பிளீச்சிங் பொடியோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

சூடு. கார்பன் எஃகு உளியின் முனை ஏறக்குறைய 230 டிகிரிக்குள் இருக்கும்வரை கடினம் காக்கும். வைக்கோல் நிறம் அந்தச் சூட்டைக் காட்டும். 300 டிகிரியை ஒட்டி நீலம் வந்தால் முனை மென்மையாகிவிட்டது. கிரைண்டரில் ஒரு வினாடி அழுத்தினால் அந்த நீலம் வரும். கிரைண்டர்தான் வேண்டும் என்றால் வெறும் விரல் முனையை ஒட்டி இருக்க, விரலுக்குச் சூடு தெரிந்தவுடன் தண்ணீரில் தோய்க்க வேண்டும்.

குழிகளுக்குக் கடுக்காய்

துரு போன பின் நிற்கும் குழிகளின் அடியில் கொஞ்சம் துரு ஒளிந்துகொண்டிருக்கும். அதற்குச் செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்று உதவும். வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஊறவைத்த அதே கடுக்காய். அதிலுள்ள டானின் துருவோடு கூடிக் கருநீலப் படலமாகிறது. பழைய காலத்துக் கருப்பு மை உருவானதும் இதே வழியில்தான். கொட்டை நீக்கிய கடுக்காய் 50 கிராமை இடித்து, அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. மறுநாள் துடைத்து எண்ணெய் விடுங்கள். உளியின் கழுத்து, வாய்ச்சியின் உடல் போன்ற இடங்களில் அழகான கருமை நிற்கும். வெட்டும் முகத்தில் பூச வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சட்டையில் பட்டால் கறை போகாது. இதே காரணத்தால்தான் ஈரமான இரும்பைத் தேக்குப் பலகைமேல் வைத்தால் மரத்தில் கருப்புக் கறை விழுகிறது.

முனையும் முதுகும்

துரு எடுத்தது பாதி வேலைதான். உளியின் பின்பக்கத்தைச் சமப்படுத்த, தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரால் ஒட்டவைத்து, முதுகை முழுக்கப் படியவைத்துத் தேயுங்கள். கைப்பிடிப் பக்கம் எம்பினால் முனை உருண்டுவிடும், பிறகு சரிசெய்ய ஒரு நாள் போய்விடும். முழு முகமும் சமமாக வேண்டியதில்லை. முனையிலிருந்து 2, 3 மில்லிமீட்டருக்குக் குழியே இல்லாமல் இருந்தால் போதும். தீட்டித் தீட்டி அந்தப் பட்டை தேயும்போது அடுத்த பட்டையைச் சமப்படுத்திக்கொள்ளலாம். 400, 800, 1200 என்று ஏறி, கடைசியில் எண்ணெய்க்கல். சரிவு பக்கம் பொதுவான வேலைக்கு 25 முதல் 30 டிகிரி. தேக்கில் மெல்லியதாகச் சீவ 25, கொட்டாப்புளியால் அடித்துத் துளையிட 30.

ஐப்பசி, கார்த்திகைக்கு முன்

வருஷத்தில் பெரும்பகுதி நம் பக்கம் காய்ந்த வெயில்தான், துரு மெதுவாகத்தான் வரும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் எல்லாம் மாறிவிடும். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை எல்லாக் கருவிகளையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். மார்கழி வரை மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். எண்ணெய் கையில் பிசுபிசுக்கிறது என்பவர்கள் தேன்மெழுகைத் துணியில் தேய்த்து மெல்லியதாகப் பூசலாம்.

வேர்வைக் கைதான் மிகப் பெரிய எதிரி. வேலை முடிந்ததும் கருவியைத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் உங்கள் விரல் ரேகை அப்படியே துருவில் பதிந்திருக்கும். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள், தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் உறையும் அப்படித்தான். சுண்ணாம்புச் சுவரில் நேரடியாகச் சாய்த்தும் வைக்க வேண்டாம். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ஒரு பலகை அடித்து, அதில் துளையிட்டு, உளிகளை முனை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். கைப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும்.